ஏசி மாப்பிள்ளையின் சாக்ஸ்

ரியாத்தில் வெயில் உச்சத்துக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், பத்தா கடைத்தெருவில் நான் கம்பளி சாக்ஸ் தேடி அலைந்துகொண்டிருந்தேன். நுழைந்த கடைகளில் எல்லாம் ஒரே மாதிரிதான் நடந்தது. கம்பளி சாக்ஸ் இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரர் என் காலைப் பார்க்க மாட்டார், தலையைப் பார்ப்பார். தொப்பி இல்லாமல் வெயிலில் நின்றவனுக்கு என்ன ஆகும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவர் என்னை உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்ததும் "ரூமுக்குப் போய் நல்லாத் தூங்கு" என்று இந்தியில் சொல்லி அனுப்பினார்.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கும் கம்பளி சாக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்ல வேண்டுமானால் ஏசியிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில், ரியாத்துக்கு வெளியே உறைய வைத்த கோழி இறக்குமதி செய்யும் ஒரு கம்பெனியில் ஹெல்பராக இருந்தேன். பிரேசிலில் அறுத்த கோழி, கப்பலேறி, லாரியேறி எங்களிடம் வரும். முதல் வருடம் முழுக்க எனக்கு வெளியில் வேலை. லாரியிலிருந்து பெட்டி இறக்குவது. இரும்பைத் தொட்டால் கை பொத்துப் போகும் வெயிலில் நின்றுகொண்டு, கோழி இருக்கும் இடத்தில் நாம் இல்லையே என்று கோழியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என்ன புண்ணியமோ, இரண்டாம் வருடத் தொடக்கத்தில் என்னை ஃப்ரீஸருக்குள் மாற்றினார்கள். கேம்ப் முழுக்க என்னை வாழ்த்தியது. அன்று இரவே கார்டு போட்டு ஊருக்கு போன் செய்து, "இனிமே எனக்கு ஏசியில வேலம்மா" என்றேன்.

அதில் ஒரு வார்த்தையும் பொய் கிடையாது. மைனஸ் இருபது என்பதும் ஏசிதான், கொஞ்சம் தாராளமான ஏசி. ஆனால் எங்கள் பக்கத்தில் ஏசியில் வேலை என்றால் அதற்கு வேறு பொருள். மேசை, சுழலும் நாற்காலி, சட்டைப் பையில் பேனா, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரும் ஆட்கள். அம்மா அந்த வார்த்தையைத் தெருவில் போட்டாள். தரகர் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒரு வருடம் வெயிலில் வெந்தபோது எட்டிப் பார்க்காத ஜாதகங்கள் ஒரே மாதத்தில் வரிசை கட்டின. அரியலூரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்து, தை மாதத்தில் கல்யாணம் என்று எனக்குத் தகவல் சொன்னார்கள். பெண்ணின் போட்டோவைப் பார்த்து நான் மறுபேச்சுப் பேசவில்லை. இன்றைக்கும் அந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் இல்லை.

பெண்ணின் அப்பா கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்தவர், மரியாதைக்காரர். மாதம் ஒருமுறை அவருடன் போனில் பேசவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

"அங்க வெயிலு ரொம்பக் கடுமையாமே மாப்ள, டீவியில காட்டுனான்" என்பார்.

"நமக்கு அதெல்லாம் தெரியாதுங்க மாமா. உள்ளதானே இருக்கோம்."

"ஏசிய ரொம்ப வெச்சுக்காதீங்க மாப்ள. சளி புடிச்சிக்கும்."

"சரிங்க மாமா, கொறைச்சு வெச்சிக்கிறேன்" என்பேன். கோழிகளின் சம்மதமில்லாமல் அதைக் குறைக்க முடியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கம்பெனி எங்களுக்குக் கோட்டு கொடுத்தது, கையுறை கொடுத்தது, உள்ளே பஞ்சு வைத்த பெரிய பூட்ஸ் கொடுத்தது. சாக்ஸ் கொடுக்கவில்லை. ஸ்டோர்கீப்பரிடம் கேட்டபோது "சாக்ஸ் மாஃபி" என்று கையை விரித்துவிட்டார். பூட்ஸ் வரைக்கும் கம்பெனியின் பொறுப்பு, பூட்ஸுக்குள்ளே இருப்பது அவனவன் சொந்த விவகாரம் என்று கம்பெனி நினைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய பருத்தி சாக்ஸைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கேம்ப் பஸ்ஸில் வரும்போதே அது வியர்வையில் ஊறியிருக்கும். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அந்த ஈரம் அப்படியே சில்லிட்டு, காலைச் சுற்றி ஐஸைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கும்.

முதலில் வலித்தது. பிறகு வலி நின்றது. காலுக்குப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு நாள் ரூமில் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், இடது காலில் கட்டைவிரலும் அடுத்த விரலும் சோப்புத் துண்டு மாதிரி வெளுத்திருந்தன. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய விரலையோ கிள்ளுவது போல இருந்தது. ஏசியில் இருந்தால் நிறம் வெளுக்கும் என்று அம்மா போனில் ஆசையாகச் சொல்லியிருந்தாள். அவள் வாக்கு அந்த இரண்டு விரல் அளவுக்குப் பலித்துவிட்டது.

கம்பெனி கிளினிக்கில் டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கதகதப்பா வெச்சுக்கணும், ஈரம் படக்கூடாது. நல்ல சாக்ஸ் போடு. கருத்துப் போச்சுன்னா வெட்டுறதத் தவிர வழியில்ல" என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் கலந்து சொன்னார். எது நல்ல சாக்ஸ் என்பதை அவர் சொல்லவில்லை. கேட்கிற நிலையில் நானும் இல்லை. விரல் போனால் ஃப்ரீஸர் போகும், அநேகமாக ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு வருகிறவன் ஏசி மாப்பிள்ளையாக வரமாட்டான், இரண்டு விரல் குறைந்த கோழி மூட்டை ஆளாக வருவான். கல்யாணம் நின்றுபோகும். எனக்கு அந்தப் பெண் வேண்டும் என்று முதன்முதலாக அந்த கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்துதான் உணர்ந்தேன். அதுவரை அது அம்மாவின் ஏற்பாடாக இருந்தது. அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

பல கம்பெனி ஆட்கள் தங்கிய கேம்ப் அது, எங்கள் ரூமில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஆலோசனை சொல்லத் தெரிந்தவர்கள். அதில் தலைமை, டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்த ஒரு மன்னார்குடிக்காரருக்கு. அவர் வாழ்நாளில் ஃப்ரீஸருக்குள் போனதில்லை. ரூமில் ஏசி காற்று முகத்தில் பட்டாலே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறவர். அதனால் குளிரைப் பற்றி அவரிடம் தெளிவான கருத்துகள் இருந்தன.

"தம்பி, குளுருதுன்னா என்னா அர்த்தம்? துணி பத்தலன்னு அர்த்தம். ஒண்ணு போட்டுக் குளுருதா, ரெண்டு போடு. ரெண்டுக்குக் கேக்கலியா, மூணு போடு. இதுக்குப் போயி டாக்டரப் பாத்துக்கிட்டு!"

நியாயமாகத்தான் பட்டது. இரண்டு போட்டேன். கேட்கவில்லை. மூன்று போட்டேன். என்னிடம் இருந்தது தீர்ந்துபோய், ரூமில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு ஜோடி இரவல் கொடுத்தார்கள். மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ரொட்டி வந்த பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொள்ளும் உத்தி ஒரு ராமநாதபுரம் டிரைவருடையது. அதைச் சுற்றிய அன்று காலைச் சுற்றி ஒரு சின்னக் குளமே கட்டிவிட்டது. பூட்ஸுக்குள் காலைத் திணிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள், ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் பூட்ஸைத் தள்ள. நான் நடப்பதைப் பார்த்து சூப்பர்வைசர் பாய், "காலில் அடிபட்டதா?" என்று கேட்டார். இல்லை, காலைப் பாதுகாக்கிறேன் என்றேன்.

விசித்திரம் என்னவென்றால், சாக்ஸ் ஏற ஏற விரல் மேலும் மேலும் செத்தது. வெளுப்பு போய் ஊதா நிறம் வந்தது. இதிலிருந்து நானும் மன்னார்குடிக்காரரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம்: இன்னும் ஒரு ஜோடி தேவை. அதுவும் பருத்தி சரிப்பட்டு வராது, கம்பளி வேண்டும். அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை நான் பத்தாவுக்குக் கிளம்பியது.

பத்தாவில் கடைசியாக நான் நுழைந்தது ஒரு கீழக்கரைக்காரரின் துணிக்கடை. தமிழில் பேசலாம் என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ஃப்ரீஸர், விரல், டாக்டர், தை மாதம். அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"என்னா தம்பி இது அநியாயமா இருக்கு. ஊரே பனியனக் கழட்டிப் போட்டுட்டு நிக்கிது, ஒங்களுக்குக் கம்பளியா? நம்மகிட்ட குளிர் சீசன்லதான் வரும். ஒண்ணு செய்ங்க. அந்த முக்குல ஒரு சவூதிப் பெரியவரு கடை இருக்கு. பாலைவனத்துல கூடாரம் போட்டுத் தங்குறவங்களுக்குச் சாமான் விக்கிறாரு. அவர்ட்ட போயி 'ஷர்ராப்'புனு கேளுங்க, எடுத்துக் குடுப்பாரு."

வேடிக்கை பண்ணுகிறாரா என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன். சிரிக்கவில்லை. "என்னன்னு கேக்கணும்?" என்றேன்.

"ஷர்ராப். சத்தமாக் கேளுங்க, பெரியவருக்குக் காது மந்தம்."

எனக்கு அரபி தெரியாது. கோழி வேலைக்குச் சீக்கிரம், முடிந்தது, இல்லை என்கிற யல்லா, கலாஸ், மாஃபி மூன்றும் போதும். ஆனால் இந்தி தெரியும், குடோனில் கற்றது. இந்தியில் ஷராப் என்றால் சாராயம். சாராயத்தை நினைத்துப் பார்த்தாலே ஜெயில் என்று கேம்ப்பில் பயந்து கிடக்கிற நாட்டில், தாடி நரைத்த ஒரு சவூதிப் பெரியவரின் கடைக்குப் போய், அதுவும் வெள்ளிக்கிழமையில், அதுவும் சத்தமாக, சாராயம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறார் இந்த மனிதர். இவருக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று யோசித்தேன். ஒன்றும் புலப்படவில்லை.

இருந்தாலும் விரல் என்னுடையது. பெரியவர் கடைக்குப் போனேன். அந்த வார்த்தையைச் சொல்லாமல் வேலையை முடித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். சலாம் சொல்லிவிட்டு என் காலைக் காட்டினேன். அவர் ஒரு ஜோடி செருப்பை எடுத்து வைத்தார். தலையாட்டி மறுத்தேன். ஷூ வந்தது. அதையும் மறுத்தேன். குளிருக்குப் போடுவது என்று காட்ட, இரண்டு கையாலும் என்னைக் கட்டிக்கொண்டு பல் கிட்டிக்க நடுங்கிக் காட்டினேன். பெரியவர் முகத்தில் இரக்கம் வந்தது. எழுந்து போய்க் கடையின் ஏசியை நிறுத்திவிட்டு வந்தார்.

இப்போது இருவருக்கும் வியர்த்தது. கடைசி முயற்சியாக, ஒற்றைக் காலில் நின்று, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றை விரல்நுனியிலிருந்து முழங்கால்வரை இழுத்து விட்டேன். பெரியவர் கண்கள் மலர்ந்தன. தெருவுக்கே கேட்கிற குரலில், "ஷர்ராப்!" என்றார்.

"லா! லா! ஷராப் மாஃபி!" என்று நான் அதைவிடச் சத்தமாகக் கத்தினேன். "ஐ குட் மேன்! நோ ஷராப்!" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து தெருவுக்கு வந்துவிட்டேன். பெரியவரும் "ஷர்ராப், ஷர்ராப்" என்று கூவிக்கொண்டே வாசல்வரை வந்தார். தெருவில் போன நாலு பேர் நின்று பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடத்தில் கல்யாணம், விரல், ஏசி எல்லாம் எனக்கு மறந்துபோனது. போலீஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்றுதான் பார்த்தேன்.

கீழக்கரைக்காரர் கடைக்குள் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னதும், அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வழிந்தது. "அல்லாவே! தம்பி, இவங்க ஊர்ல சாக்ஸுக்குப் பேரே அதுதான் தம்பி!" என்றார். பிறகு என் கையைப் பிடித்து மறுபடி அங்கே இழுத்துக்கொண்டு போனார். பெரியவரிடம் அரபியில் கதை முழுவதையும் சொன்னார். நடுநடுவே "கோழி" என்று கையால் இறக்கை அடித்துக் காட்டினார். பெரியவர் சிரிக்கவில்லை. ஏணி போட்டு ஏறி, மேல் தட்டில் போன குளிர்காலத்துத் தூசியோடு கிடந்த ஒரு கட்டை எடுத்துப் போட்டார். பழுப்பு நிறக் கம்பளி சாக்ஸ், விரல் மொத்தத்துக்கு. இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது அவர் மறுபடி ஏசியைப் போடும் சத்தம் கேட்டது.

புதையல் கிடைத்தவனைப் போல ரூமுக்கு வந்தேன். மன்னார்குடிக்காரர் கம்பளியைத் தடவிப் பார்த்து, "இத மேல போட்டுக்க. உள்ள பழசு எல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே செய்தேன். இப்போது பூட்ஸுக்குள் திணிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அந்த வாரம் விரல் ஊதாவிலிருந்து அடுத்த நிறத்துக்குப் போகத் தயாரானது. ஓரத்தில் மையை வைத்த மாதிரி ஒரு கருப்பு. ராத்திரி நான் போர்வைக்குள் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் கேட்டிருக்கும், ஆனால் எட்டுப் பேர் ரூமில் யாரும் யார் அழுவதையும் கேட்பதில்லை. அது ஒரு மரியாதை.

என் விரலைக் காப்பாற்றியது கடைசியில் ஒரு சேஃப்டி ஆபீசர். அவருக்கும் என் விரலுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. மன்னார்குடிக்காரரும் ரூமில் மற்றவர்களும் வேலை பார்த்த சைட்டுக்குப் புதிதாக வந்தவர், சாக்ஸ் போடாமல் சேஃப்டி ஷூ போட்டால் டியூட்டி கிடையாது என்று உத்தரவு போட்டுவிட்டார். விடிந்ததும் ரூமில் இருந்த அத்தனை பேரும் என் கட்டிலுக்கு வந்து அவரவர் சாக்ஸை அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்கள். என்னுடையவை முந்தின நாள் துவைத்து இன்னும் பக்கெட்டில் கிடந்தன. மிஞ்சியது கம்பளி மட்டும்.

வெறும் ஒரே ஜோடி. மன்னார்குடிக்காரரே என்னைப் பார்க்கத் தைரியமில்லாமல் பஸ் ஏறினார். விரலுக்கு மனதுக்குள் விடை கொடுத்துவிட்டு ஃப்ரீஸருக்குள் போனேன். பூட்ஸுக்குள் கால் லொடலொடவென்று ஆடியது. ரொம்ப நாளைக்குப் பிறகு விரல்களை மடக்கி நீட்ட முடிந்தது. பயத்தில் மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காலில் ஏதோ சூடு. அப்புறம் கட்டைவிரலில் நெருப்பை வைத்த மாதிரி ஒரு வலி. அந்த வலியில் நான் கோழிப் பெட்டி மேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சூப்பர்வைசர் பாய் ஓடிவந்து, "க்யா ஹுவா?" என்றார்.

"தர்த் ஹோ ரஹா ஹை பாய்! பஹுத் தர்த்!" என்றேன். வலிக்கிறது என்று இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஆளை அவர் பார்த்திருக்க மாட்டார். என்னைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார்.

வெளியே உட்கார்ந்துதான் யோசித்தேன். அத்தனை நாளும் நான் விரலுக்குத் துணி சேர்க்கவில்லை, கழுத்தை நெரித்திருக்கிறேன். எட்டுப் பேர் கிடந்த எங்கள் ரூம் மாதிரியே பூட்ஸையும் ஆக்கி வைத்திருந்தேன். விரல் அசைய இடமில்லை, ரத்தம் வர வழியில்லை, ஈரம் போக வாசலில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைகாலம் பிடித்தது. பிறகு மீதியும் மெல்லப் புரிந்தது. பஸ்ஸில் வரும்போது வெறும் காலோடு செருப்பில் வருவேன். ஃப்ரீஸர் கதவுக்கு முன்னால் இருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, காலைத் துண்டால் துடைத்து, காய்ந்த கம்பளியை அங்கேயே மாட்டிக்கொண்டு நேராக உள்ளே போவேன். இடைவேளையில் அதைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு அடுத்த ஜோடி. ரியாத் வெயிலில் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். அந்த வெயில் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். நான் துண்டும் கையுமாக உட்கார்ந்து காலை அலங்கரிப்பதைப் பார்த்து எல்லாரும் "துலா" என்று கூப்பிட்டார்கள். இந்தியில் மாப்பிள்ளை. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

ரூமில் சொன்னால் யாரும் நம்பவில்லை. "கம்பளியோட மகிமை தம்பி, நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார் மன்னார்குடிக்காரர்.

கட்டைவிரல் முழுசாக மீண்டது. அடுத்த விரலில் கருத்த தோல் உரிந்து, கீழே இளம்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. பார்த்தால் குழந்தையின் விரல் மாதிரி அழகாக இருக்கும். உணர்ச்சி மட்டும் வரவில்லை. வந்துவிடும், வராமல் எங்கே போகும் என்று விட்டுவிட்டேன். வெளியே தெரியாத குறை குறையா என்ன? மார்கழிக் கடைசியில் லீவு கிடைத்து, பத்து விரலோடு ஊர் வந்து சேர்ந்தேன்.

தை மாதத்தில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எங்கள் வழக்கப்படி பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். அவர் போலீஸ் வேலைக்குத் தேர்வாகியிருந்த ஆள், கட்டுமஸ்தானவர், ஆனால் அன்று கூச்சத்தில் கூட்டத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பித்தளைச் சொம்பு கைநழுவி, விளிம்பு என் இடது கால் விரலில் நங்கென்று விழுந்தது. கூட்டம் முழுக்க "ஐயோ" என்றது. நான் புன்னகையோடு நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் ஏன் கத்துகிறார்கள் என்று குனிந்து பார்த்து, மைத்துனரின் வெளிறிய முகத்தைப் பார்த்து, அப்புறம்தான் "ஆ" என்றேன். "என்னா பொறுமையான மாப்ள, பாத்துக்கிட்டீங்களா" என்று மாமனார் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பந்தியில் அதே பேச்சு. ஏசியில் வேலை பார்ப்பவர்களுக்கு நிதானம் அதிகம் என்று யாரோ விளக்கமும் சொன்னார்களாம்.

விருந்தாளிகள் ஓய்ந்த ஒரு மத்தியானம், என் மனைவி பெட்டியைப் பிரித்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சென்ட்டு, சோப்பு, போர்வை என்று ஒவ்வொன்றாக வந்தது. அடியில் அந்தக் கம்பளி சாக்ஸ். அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"இது யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

"அங்க அவ்ளோ வெயிலுன்னு அப்பா சொன்னாங்களே."

கட்டிலில் படுத்திருந்தேன். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் மைனஸ் இருபதும், பிரேசில் கோழியும், கிளினிக் பெஞ்சும், ஷர்ராப்பும் எல்லாமே வரிசையாக வந்து விழுந்தன. யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, அவளிடம்தான் முதலில். ஷர்ராப் இடத்தில் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. சாக்ஸை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த வெரலு?"

காட்டினேன். "அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு. இப்ப ஒண்ணும் இல்ல" என்றேன்.

"சொம்பு விழுந்தப்ப, நீங்க என் தம்பி மொகத்தப் பாத்துட்டு அப்புறந்தான் 'ஆ'ன்னீங்க. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"கூட்டத்துல கவனிக்கல."

அவள் எழுந்து வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். "கண்ண மூடிக்குங்க" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்து மூடிக்கொண்டேன். கட்டைவிரலில் அவள் கை பட்டது.

"தெரியுதா?"

"தெரியுது."

சுண்டுவிரல். அதற்கு அடுத்தது. நடுவிரல். ஒவ்வொன்றுக்கும் கேட்டாள், ஒவ்வொன்றுக்கும் தெரியுது என்றேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மின்விசிறி மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மிச்சம் இருப்பது அந்த விரல்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"இப்ப?" என்றாள்.

"தெரியுதே. நல்லாவே தெரியுது."

கண்ணைத் திறந்தேன். அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள்.